திரு. பரமார்த்தலிங்கம் குடும்பத்தினர்

மேலச்சத்திரத்தில் செத்தவர்கள் உடனே போய்விடுவதில்லை. சுடுகாடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், செய்ய வேண்டியதெல்லாம் செய்து, குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வீடு திரும்பினால், செத்தவர் தமக்கு வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருப்பார். பேச மாட்டார், சாப்பிட மாட்டார், வாசல்படி தாண்ட மாட்டார், மற்றபடி தொந்தரவு ஒன்றும் கிடையாது. பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்கு யாராவது கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுப்பார்கள். உறையின் மேல் அவர் பெயர் எழுதியிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் இருப்பார். இல்லையென்றால் எழுந்து, உடுத்தியிருப்பதைச் சரிசெய்துகொண்டு, பலசரக்குக் கடைக்குப் போகிறவர் மாதிரி தெருவில் இறங்கிக் குளத்துக்கரைப் பக்கமாக நடந்து போய்விடுவார். அவ்வளவுதான், அப்புறம் வர மாட்டார்.

ஏன் இப்படி, எந்தக் காலத்திலிருந்து இப்படி என்று கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாருக்கும் நேரமும் இல்லை. கேஸ் சிலிண்டர் போட வருகிறவர் செத்தவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த டீச்சர் மட்டும், "இவங்களச் சேக்கணுமா, வேண்டாமா?" என்று வீட்டுக்கு வீடு தலையைச் சொறிந்தார். பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் உறைக்குப் பெயர் எழுதும்போதே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிடுவார்கள்: இவர் இருந்துவிட்டுப் போகட்டும், இவர் இருந்தது போதும். ரைஸ்மில் ஆறுமுகப்பெருமாள் செத்துப் பல வருஷமாகியும் இன்னும் வீட்டோடு சேர்ந்த மில் கல்லாவுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். முதலாளி பெயரை விட்டுவிட்டு எழுதினால் மரியாதையாகவா இருக்கும் என்று ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. சொத்தைப் பிரிக்க முடியாமல் அவருடைய மகன்கள் பத்திரிகை கொண்டுவருகிறவர்களிடமெல்லாம் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள், எவனும் மசியவில்லை.

ஆனால் இதெல்லாம் ஆம்பிளைகள் சமாசாரம். பொம்பிளைகள் செத்தால் வேறு மாதிரி. மேலச்சத்திரத்தில் உறை எழுதுகிற முறை என்னவென்றால், திரு இன்னார் குடும்பத்தினர். அந்தக் குடும்பத்தினருக்குள்தான் கட்டிக்கொண்டவள், பெற்றவள், வாழாமல் வந்த தங்கச்சி, எல்லாரும் அடக்கம். உயிரோடு இருக்கும்போதே உறையில் பெயர் வராதவளுக்குச் செத்த பிறகா வந்துவிடப் போகிறது? அதனால் எந்த வீட்டுப் பத்திரிகை முதலில் வருகிறதோ அதோடு அவள் கிளம்பிவிடுவாள். முகூர்த்த மாசத்தில் செத்தவள் என்றால், துஷ்டி கேட்க வந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனதும் உண்டு. அதைப் பார்த்து யாரும் ஒன்றும் நினைத்ததில்லை. பொம்பிளைகளுக்கு வீட்டில் ஒட்டுதல் கம்மி, அதனால் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

வெயிலுகந்தம்மாள் செத்தது ஆடி மாசத்தில். ஆடியில் கல்யாணம் கிடையாது, பத்திரிகையும் வராது. அந்த வகையில் அவளுக்கு நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று நாள் காய்ச்சலில் கண்ணை மூடியவள், எல்லாம் முடிந்து வந்து பார்த்தபோது ஜன்னலோரம் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மகள் சுகிர்தாவுக்குத் தைத்துக்கொண்டிருந்த கல்யாண ஜாக்கெட் ஒரு கை வைத்தபடி, ஒரு கை இல்லாதபடி மெஷின் மேல் கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அவளுடைய புருஷன் பரமார்த்தலிங்கம், கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்குக் கொடுக்கிறவர். அண்டா, தவலை, சோற்றுக்கூடை, ஜமுக்காளம், பந்திப் பாய் எல்லாம் அவர் கடையில் இருந்துதான் போக வேண்டும். யார் வீட்டில் பாயசம் நீர்த்துப் போகும், யார் வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போவார் என்பது வரை அவருக்கு முன்கூட்டியே தெரியும். பாத்திரம் எடுக்கிற எல்லாரும் அவருக்குப் பத்திரிகை வைப்பார்கள். ஊரிலேயே அதிகப் பத்திரிகை வருகிற வீடு அவருடையது. நேற்றுவரை அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இப்போது ஆவணி பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரை எண்ணிக்கொண்டிருந்தார்.

சுகிர்தாவுக்கு நிச்சயம் முடிந்து ஆவணிக் கடைசியில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். அம்மா செத்ததும் தள்ளிப் போடலாமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். தள்ளிப் போட்டால் அம்மா இருக்க மாட்டாள் என்பது சுகிர்தாவுக்குத் தெரியும். செத்தவர்கள் வாசல்படி தாண்ட மாட்டார்கள் என்பதால் மண்டபம் வேண்டாம், முன்னறையிலேயே தாலி கட்டட்டும், சாப்பாட்டை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் என்றாள். அதற்கும் மாப்பிள்ளை வீட்டார் சரி என்றார்கள், தங்கமான மனுஷர்கள். அப்புறம் அவள் அப்பாவைப் பார்த்து, "அம்மா பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்ப்பா. அதுவரைக்கும் அம்மாவ நீங்கதான் பிடிச்சு வைக்கணும்" என்றாள்.

பிடித்து வைப்பதென்றால் எப்படி? பத்திரிகையே வாங்காமல் இருந்துவிடலாமே என்பீர்கள். கொண்டுவந்த பத்திரிகையைக் கைநீட்டி வாங்காதவன் வீட்டு வாசலை அதற்கப்புறம் ஒருத்தரும் மிதிக்க மாட்டார்கள், மகளைக் கட்டிக்கொடுக்கப் போகிறவன் அதைச் செய்ய முடியுமா? வீட்டில் வேண்டாம், கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதுவும் செல்லாது. அந்த வீட்டு ஆள் கையில் உறை பட்டால் போதும், எத்தனை தெரு தள்ளி இருந்தாலும் செத்தவருக்குத் தெரிந்துவிடும். ஆக ஒரே வழிதான் இருந்தது. உறை எழுதுவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், என் சம்சாரம் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்க வேண்டும்.

பரமார்த்தலிங்கம் சுகிர்தாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். முதலில் போனது லாலாக்கடைத் தெருவில் சொர்ணமாணிக்கம் வீட்டுக்கு. மகனுக்குக் கல்யாணம், உறைகளைத் தரையில் பரப்பி நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் சொர்ணமாணிக்கம் கொஞ்ச நேரம் பேனாவைப் பார்த்தார், பேனாவின் மூடியைப் பார்த்தார்.

"பொம்பிளையாள் பேர எழுதிப் பழக்கமில்லையே, அண்ணாச்சி."

"எனக்காக ஒரு தடவ எழுதுங்க."

"சரி, மைனி பேரு என்ன?"

பரமார்த்தலிங்கம் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை "ஏளா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். வெளியாட்களிடம் "வீட்ல", டாக்டரிடம் "இவ", மகள் பிறந்த பிறகு "சுகிர்தா அம்மா". பெயரைச் சொல்லக்கூடாதென்று யாரும் தடுத்ததில்லை, சொல்ல வேண்டி வந்ததில்லை, அவ்வளவுதான். இப்போது சொல்லப் போனால், நாலு பேர் நடுவில் அவள் சேலையைத் தொட்டுவிட்டது மாதிரி கூச்சமாக இருந்தது. அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"வெயிலுகந்தம்மாள்" என்றாள் சுகிர்தா.

சொர்ணமாணிக்கத்தின் மனைவி மஞ்சள் கையோடு நிமிர்ந்தாள். "மைனி பேரு அதுவா? செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை ஒண்ணா கோயிலுக்குப் போவோம். நான் பாத்திரக்கட மைனின்னுல்லா கூப்பிடுவேன்." அவள் அதைத் தனக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அந்த உறை ஆவணி பிறந்ததும் வீட்டுக்கு வந்தது. திரு. பரமார்த்தலிங்கம் – வெயிலுகந்தம்மாள் குடும்பத்தினர். சொர்ணமாணிக்கத்துக்கு உறையில் இடம் போதாமல் 'அம்மாள்' மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. சுகிர்தா அதைக் கொண்டுபோய்த் தையல் மெஷின் மேல் வைத்தாள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவள் வெயிலுகந்தம்மாள். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக, பிள்ளைகள் படிப்பதுபோல் வாயை அசைத்துக்கொண்டே படித்து, தன் பெயருக்கு வந்ததும் விரலை எடுக்காமல் அன்றைக்குப் பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாளா என்று கேட்டால், செத்தவர்கள் சிரிப்பதில்லை. ஆனால் சுகிர்தாவுக்கு அழுகையும் சந்தோஷமுமாக வந்தது. பரமார்த்தலிங்கம் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

சேதி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சொர்ணமாணிக்கத்தின் மனைவி குழாயடியில் சொன்னாள், குழாயடியிலிருந்து அது ஊர் முழுக்கப் போனது. உறையில் பெயர் எழுதினால் பொம்பிளையும் இருப்பாள். அப்படியானால் இத்தனை காலம் போனவர்களெல்லாம் ஒட்டுதல் இல்லாமல் போகவில்லை, அனுப்பப்பட்டுத்தான் போயிருக்கிறார்கள். அம்மாவைப் பறிகொடுத்தவர்கள், அக்காவைப் பறிகொடுத்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு வந்த உறையில் என்ன எழுதியிருந்தது, எழுதியது யார் கை என்று யோசிக்க ஆரம்பித்தார்கள். பல பெண்களுக்கு, பிறந்த வீட்டுக்கு அந்த உறையை எழுதியது சொந்தப் புருஷனின் கையாகவோ தனிக்குடித்தனம் போன அண்ணனின் கையாகவோ இருந்தது. சில வீடுகளில் உயிரோடு இருக்கிற பெண்கள் இப்போதே தங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். பழக்கப்படுத்தி வைத்தால்தான் பின்னால் உதவும் என்றார்கள். இன்னும் சில வீடுகளில், என் பெயரை எழுதிவிடாதீர்கள், செத்த அன்றைக்கே நான் போய்விட வேண்டும், அங்கேயும் இந்த மனுஷன் முகத்தையா பார்த்துக்கொண்டிருப்பேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அந்த வீடுகளில் ஆம்பிளைகள் சாப்பிடாமல் படுத்தார்கள்.

வியாபாரிகள் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் கோமதிநாயகம், உறைக்கடைக்காரரை வரவழைத்து ஒரு உறையைக் கையில் பிடித்துக் காட்டி, இதில் இரண்டு பெயருக்கு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பெரிய உறை போடலாமே என்று உறைக்கடைக்காரர் சொல்ல, அவரை உட்காரச் சொல்லிவிட்டார்கள். வீடென்றால் என்ன, அகலமாகவா கிடக்கிறது, அம்மா ஒரு மூலையில், பெரியம்மா ஒரு மூலையில், முதல் தாரம் ஒரு மூலையில் என்று உட்கார்ந்திருந்தால் உயிரோடு இருப்பவர்கள் எங்கே பாய் விரிப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். வழக்கப்படியே எழுதுவது என்று தீர்மானமானது.

கூட்டம் முடிந்ததும் கோமதிநாயகம் பரமார்த்தலிங்கத்தைத் தனியாக அழைத்துத் தோளில் கை வைத்தார். "ஒம்ம வருத்தம் தெரியுது வேய். ஆனா ஒமக்குன்னு எழுதினா, என் வீட்டுப் பொம்பிளையளும் கேக்க ஆரம்பிச்சிருவாங்க, என் வீட்டுக்குள்ள நான் போக முடியாது. அதுக்காக, ஒம்ம சம்சாரத்த அனுப்பிவச்ச பாவமும் எனக்கு வேண்டாம். ஒமக்குப் பத்திரிகையே வைக்கல. மனசுல வச்சுக்காதீரும்."

மனசில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது? அவருக்குப் பத்திரிகை வைக்காத வீடுகள் அவரிடம் பாத்திரம் எடுக்கவும் கூச்சப்பட்டுக்கொண்டு பக்கத்து ஊரிலிருந்து இறக்கின. முகூர்த்த நாளில் அண்டாக்கள் கடையில் கவிழ்ந்து கிடந்ததை அவர் முதல்முறையாகப் பார்த்தார். எதிரே வருகிறவர்கள், கையில் பத்திரிகைக் கட்டு இருந்தால், சந்துக்குள் திரும்பிப் போனார்கள். ஒரு கணக்கில் அது நல்லதுதான், அவள் இருந்தாள். காலையில் எழுந்ததும் அவர் முதலில் ஜன்னலோரம்தான் பார்ப்பார், இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் பல் துலக்கப் போவார். உயிரோடு இருந்தபோது ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லையே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

இனி வர வேண்டியது ஒரே பத்திரிகை. மாப்பிள்ளை வீட்டார் தட்டுவரிசையோடு கொண்டுவந்து பெண் வீட்டார் கையில் கொடுக்கிற பத்திரிகை. அதை வாங்காமல் கல்யாணமே கிடையாது.

மாப்பிள்ளைக்கு ஊர் திண்டுக்கல் பக்கம். அங்கே செத்தவர்கள் செத்த அன்றைக்கே போய்விடுகிற ஜாதி. கல்யாணத்துக்கு முன்னால் பெண் அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்பதால் பரமார்த்தலிங்கம் தனியாகத்தான் பஸ் ஏறினார். மாப்பிள்ளையின் அம்மா அமிர்தவல்லி, ஸ்கூலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் பதறாமல் கேட்கிறவர். இலை போட்டுச் சாப்பாடு வைத்து, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்டார்.

"பத்திரிகை உறையில, வீட்ல உள்ளவ பேரையும் போடணும். போடலன்னா அவ போயிருவா" என்றார் பரமார்த்தலிங்கம். சொல்லி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது.

செத்தவள் பெயரை மங்கலப் பத்திரிகையில் எழுதுவதாவது என்று அமிர்தவல்லி கேட்கவில்லை. கண் கலங்கிவிட்டார். "இதுக்கா அண்ணே இவ்வளவு தூரம் வந்தீங்க? போன்ல சொன்னா போதாதா? சம்பந்தியம்மா இல்லாம எங்களுக்கு மட்டும் என்ன கல்யாணம்? கையால எழுதுறதென்ன, அச்சுலயே போட்டுடுறோம். ரெண்டு பேரையும் முறையா, மரியாதையா போட்டுடுறோம், நீங்க நிம்மதியா போங்க."

பெயர் என்ன என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் சுகிர்தாவும் இல்லை. பரமார்த்தலிங்கமே சொல்லியிருக்கலாம். நிச்சயதார்த்தத்தில் பார்த்திருக்கிறார்களே, பழகியிருக்கிறார்களே, தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால், கேட்காமல் விட்டார்களே என்று அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் சுகிர்தா கேட்டாள். "பேரச் சொன்னீங்களாப்பா?"

"எல்லாம் சொல்லியாச்சு."

"அம்மா பேரச் சொன்னீங்களா?"

"ஒன் மாமியாரு எனக்கு முன்ன கண்ணு கலங்கிட்டாங்க தெரியுமா? அச்சுல போடுறாங்களாம், அச்சுல" என்றார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். செத்தவர்களுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிவாக்கில் வேன் வந்து நின்றது. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, பட்டு என்று தட்டுகள் வரிசையாக உள்ளே வந்தன. தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். சங்கம் தீர்மானம் போட்டாலும் வெளியூர்க்காரர்கள் என்ன எழுதிக் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்கத்தான் அத்தனை பேரும். அமிர்தவல்லி முதலில் தையல் மெஷின் பக்கம் போய், கொண்டுவந்த மல்லிகைச்சரத்தை வெயிலுகந்தம்மாள் மடியில் வைத்து, "சௌக்கியமா சம்பந்தியம்மா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, கேட்டது சரிதானா என்று ஒரு கணம் குழம்பினார். பிறகு தட்டை எடுத்து அதன் மேல் பத்திரிகையை வைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்க கேட்ட மாதிரியே போட்டாச்சு அண்ணே. இருக்கிறதுலயே நல்ல எழுத்தாப் பாத்து நானே சொல்லிப் போடவச்சேன்."

பரமார்த்தலிங்கம் இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினார். வாங்கிய பிறகுதான் உறையைப் பார்த்தார். கெட்டியான சந்தன நிற உறை, நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் பொன்னெழுத்து.

திரு & திருமதி பரமார்த்தலிங்கம் அவர்கள்.

அவர் அதை இன்னொரு தடவை படித்தார். முறையாகத்தான் இருந்தது, மரியாதையாகத்தான் இருந்தது, ஒரு குறை சொல்ல முடியாது. அதில் இருந்த இரண்டு பேருமே அவர்தான்.

ஜன்னலோரம் இருந்தவள் எழுந்து வந்தாள். மடியிலிருந்த பூ கீழே விழுந்தது. யாரும் கொண்டுபோய்க் கொடுக்காமல் அவளாகவே வந்து, தட்டின் மேல் குனிந்து, முதல் எழுத்தில் விரலை வைத்தாள். விரல் மெல்ல நகர்ந்து திருமதி வரை வந்தது, அடுத்த எழுத்துக்காக அங்கே கொஞ்சம் நின்றது, பிறகு பரமார்த்தலிங்கத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கடந்து 'அவர்கள்' வரைக்கும் போய், உறையின் ஓரத்தில் எழுத்து தீர்ந்த இடத்தில் நின்றது. திரும்பவும் ஒருமுறை முதலிலிருந்து பார்த்தாள். மாற்றி மாற்றிப் பார்த்தால் இல்லாதது வந்துவிடுமா? நிமிர்ந்து புருஷன் முகத்தைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை, அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்படி இறங்கினாள். "அம்மா" என்று சுகிர்தா பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள், பிடித்த கை இவள் கைக்குள் நிற்கவில்லை. அவள் தெருவில் வாசலுக்கு வாசல் நின்ற பெண்களையெல்லாம் தாண்டி, வெயிலில், அவசரமே இல்லாமல் குளத்துக்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

பரமார்த்தலிங்கம் தட்டை அப்படியே போட்டுவிட்டு நடுத்தெருவுக்கு வந்தார். தேங்காய் உருண்டு சாக்கடைக்குப் போனது. அவர் வாயில் முதலில் "ஏளா" என்றுதான் வந்தது, அதை விழுங்கினார். அப்புறம், ஊர் பார்க்க, சம்பந்தி வீட்டார் பார்க்க, தொண்டை கிழிகிற மாதிரி கூப்பிட்டார்.

"வெயிலுகந்தம்மா... ஏ வெயிலுகந்தம்மா..."

அவள் திரும்பவில்லை. அவர் குரல் அவளுக்குத் தெரியும், ஆனால் அந்தக் குரலில் அந்தப் பெயரை அவள் கேட்டதேயில்லை. யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்திருப்பாள். எங்கே என்ன சண்டையோ, யாரவளோ என்பதுபோல ஒருதரம் பக்கவாட்டில் ஒதுங்கி, அந்த யாரோ ஒருத்திக்கு வழி விட்டுவிட்டு, அவள் பாட்டுக்கு நடந்தாள்.

அமிர்தவல்லி வாசல்படியில் நின்று, பயந்துபோய், சுகிர்தாவின் தோளைத் தொட்டார்.

"அப்பா யாரம்மா கூப்பிடுறாரு?"